சுவர் பார்க்கும் நர்ஸ்

அழைப்பு மணியை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். உள்ளே இருக்கிற ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடி மாட்டி, தாழ்ப்பாளைத் தடவிக் கதவைத் திறக்கும் வரை எத்தனை விநாடி என்பது அவருக்கு வேண்டும். "இருங்க, வரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தாலும் பதில் கொடுக்கமாட்டார். பதில் கொடுத்தால் ஆள் அவசரப்படுவார், அவசரப்பட்டால் கணக்குக் கெடும். கதவு திறந்ததும், வணக்கத்துக்கும் முன்னால், இடது முன்கையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பிளாஸ்திரிப் பட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் ஓர் எண்ணை எழுதுவார். என் கதவுக்கு மார்ச் முதல் வாரத்தில் பத்தொன்பது. அக்டோபர் கடைசி வாரத்தில் இருபத்தாறு.

"ஏழு செகண்டு எங்க சார் போச்சு?" என்று கேட்டார்.

"பேப்பர் படிச்சிட்டிருந்தேன். மடிச்சு வெச்சிட்டு வந்தேன்."

"மார்ச்லயும் பேப்பர்தான் படிச்சீங்க."

முப்பத்தாறு வருடம் ஒரு நீர்த்தேக்கத்தின் மட்டத்தை நாளைக்கு மூன்று வேளை அளந்து எழுதியவன் நான். என் மட்டம் இறங்குவதை இன்னொருவர் அளப்பது முதலில் பிடிக்கவில்லை. பிறகு, அவர் சரியாக அளக்கிறார் என்பதால் பிடித்துப்போயிற்று.

நர்ஸுக்கு வயது நாற்பத்து நான்கு. குள்ளம். நடக்கும்போது இடது முழங்கால் சொடக்குப் போடும். ஒரு வீட்டுப் பராமரிப்பு மையத்தில் வேலை. எழுபதைத் தாண்டி, துணையில்லாமல் வீட்டிலேயே காலம் தள்ளுகிறவர்களை வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கவேண்டும். மொத்தம் முப்பத்தொரு வீடு. எங்கள் கட்டடத்துக்கு வியாழக்கிழமை. தரைத்தளத்தில் தையல்காரம்மா, இரண்டாம் மாடியில் நானும் என் எதிர்வீட்டு டிரைவரும். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்திரண்டு படி. நர்ஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். "எனக்கே இந்தக் கட்டடத்துல நாப்பது வரும் சார்" என்பார்.

நாற்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மையம் அவர் கையில் ஒரு போன் கொடுத்திருக்கிறது. அதில் பதினான்கு கேள்விகள். போன மாதம் விழுந்தீர்களா, மூச்சு வாங்குகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, தலை சுற்றுகிறதா, கடைசியாக எப்போது ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள் என்று இப்படிப் போகும். கடைசிப் பதிலை அழுத்தியதும் ஓர் எண் வரும். அடுத்த முப்பது நாளுக்குள் இந்த ஆளை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேருமா, நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். நாற்பது வரை பச்சை, அறுபது வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. அன்று சாயங்காலமே அது பிள்ளைகளின் போனுக்கும் போய்விடும். பதினைந்தாவதாக ஒரு கட்டம் உண்டு: 'நேரில் கண்டது'. நர்ஸ் தன் கண்ணால் பார்த்த எதற்காகவும் அதில் பத்து வரை கூட்டிப் போடலாம். கழிக்க வழியில்லை.

அதனால் டிரைவர் அவருக்கு வைத்த பெயர் ஜோசியக்காரி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார். நர்ஸ் கோபித்துக்கொண்டதில்லை. "ஜோசியக்காரின்னா நல்லதும் நாலு சொல்லுவா. நான் கெட்டது மட்டும்தானப்பா சொல்றேன்" என்பார். டிரைவரை அவர் அப்பா என்றுதான் அழைப்பார். என்னை சார். தையல்காரம்மாவை அம்மா.

கேள்விகளைப் போனைப் பார்த்துக் கேட்பார். பதில்களைப் போனில் அழுத்துவார். ஆனால் கண் வேறு எங்கோ இருக்கும். சோபாவில் உட்காரமாட்டார். சாப்பாட்டு மேஜையின் மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அங்கிருந்து பார்த்தால் சமையலறையும் படுக்கையறை வாசலும் ஒருசேரத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கறேன்" என்பார். தண்ணீரை ஒரு வாய்தான் குடிப்பார். போன வியாழன் பார்த்த அதே முட்டைகள் அப்படியே இருக்கின்றனவா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியது. சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறிப் போட்டிருக்கிறதா, தேதி கிழிக்கும் காலண்டர் எந்தத் தேதியில் நிற்கிறது, எந்தக் காலின் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் படுக்கை விரிப்பு கொடியில் காய்கிறது. இவற்றில் எதுவும் பதினான்கு கேள்விகளில் இல்லை.

எல்லோரும் அவரிடம் பொய் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். எண் ஏறினால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்ற பயம். தையல்காரம்மா ஒவ்வொரு வியாழனும் தலை வாரி, புடவை மாற்றி, ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியைக் காலியாகத் திறந்து மேஜைமேல் வைத்திருப்பார். ஒரு தடவை நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, இன்னிக்கு வியாழன்தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வெள்ளி, சனி மாத்திரையும் காலியா இருக்கே?"

தையல்காரம்மா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நேரத்தோட முடிச்சுட்டா ஒரு வேலை முடிஞ்சுதுல்ல" என்றார்.

நர்ஸ் தையல் மெஷின் பக்கம் போய்ப் பொத்தான் டப்பாவைத் திறந்தார். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே மூன்று வாரத்து மாத்திரை கிடந்தது. "இதெல்லாம் எந்தச் சட்டைக்கும்மா?" என்றார். தையல்காரம்மாவும் சிரித்துவிட்டார். நர்ஸ் சிரித்துக்கொண்டே கட்டத்தில் நான்கு கூட்டிப் போட்டார்.

மதியச் சாப்பாடு மாடிப்படியில். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவிலுள்ள திருப்பத்தில் ஷூவைக் கழற்றி வைத்து, சுவரில் சாய்ந்து, டப்பாவைத் திறப்பார். சரியாக ஒன்றேகாலுக்கு மகளிடமிருந்து போன் வரும். "சாப்ட்டியா? பாத்திரத்த ஊற வெச்சியா? பொய் சொல்லாத, தண்ணி சத்தமே கேக்கல." அவ்வளவுதான். வைத்துவிடுவார். வீட்டுக்குள் வந்து சாப்பிடுங்கள் என்று பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். "உள்ள உக்காந்தா வேலைதான் பாக்கத் தோணும். இங்கதான் சாப்பாடு சாப்பாடா இருக்கும்" என்றார்.

செப்டம்பர் 18 அன்று, அந்தப் படியில் வைத்துத்தான் சுவர் பற்றிச் சொன்னார். நான் கேட்டேன். வீட்டுக்குள் வந்ததும் படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரை ஒருமுறை கண்ணால் தடவுகிறாரே, அது என்ன என்று.

"கைத்தடம் சார்."

நடை தடுமாற ஆரம்பித்தவர்கள் தங்களை அறியாமல் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பார்களாம். முதலில் குளியலறை நிலைச் சட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மங்கலான கறை. இரண்டு மாதத்தில் சுவிட்ச் பலகை வரை. அப்புறம் கட்டில் வரை ஒரே கோடு. இடுப்புக்குச் சற்று மேலே, நான்கு விரல் அகலம். கோடு கட்டிலைத் தொட்டுவிட்டால், ஆள் விழ அதிக நாள் ஆகாது.

"விழுந்தத மனுஷன் மறைப்பான் சார். கைய எங்க வெச்சான்னு அவனுக்கே தெரியாதே. தெரியாதத எப்படி மறைப்பான்?"

இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். டப்பாவை மூடினார். முன்பு வேறொரு கட்டடத்தில், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். பதினான்கு கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொல்வாராம். எண் இருபத்திரண்டு. பச்சையிலும் பச்சை. ஒரு வாரம் மணி அடித்தார், திறக்கவில்லை. கதவை உடைத்தார்கள். குளியலறை வாசலில் இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. எல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டும்போதுதான் நர்ஸ் அந்தச் சுவரைப் பார்த்தாராம்.

"கட்டில்லேந்து பாத்ரூம் வரைக்கும் கறுப்பா ஒரு கோடு சார். ரயில் பாதை மாதிரி. அந்தக் கோட்டுக்கு ஒரு ஜாண் மேல ஆணி. ஆறு மாசமா அதுலதான் என் பைய மாட்டிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டார். நான் அதை அன்றே என் நோட்டுப் புத்தகத்தில் அவர் சொன்னபடியே எழுதி வைத்தேன்.

டிரைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்தொன்று. முப்பத்து நான்கு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். மனைவி போய் நான்கு வருடம் ஆயிற்று. மகன் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலைப் பொறுப்பில் இருக்கிறார். டிரைவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே தெருத் திருப்பம். பேருந்துகள் அங்கேதான் திரும்பும். அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வார்த்தை சொல்வார். "மூணாவது கியர்ல திருப்பறான் பாரு கழுத. வண்டி அழுவுது, கேக்கலையா உனக்கு?" எதையும் எழுதி வைக்கிறவன் என்பதால் என்னை அவர் ரிஜிஸ்டர் என்று கூப்பிடுவார். சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் அங்கே இருப்பேன். பேசுவது அவர், கேட்பது நான்.

ஆகஸ்டில் சளிக் காய்ச்சல் வந்து அவருடைய எண் ஐம்பத்தெட்டுக்குப் போனது. மகன் ஓடிவந்தார். முதியோர் இல்லம் ஒன்றுக்கு அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஓர் அறைக்கு ஆறு கட்டில். திரும்பி வந்ததும் டிரைவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஜன்னல் இருக்குய்யா. தொறந்தா காம்பவுண்டு."

மகன் என் முன்னால்தான் அப்பாவோடு ஒப்பந்தம் போட்டார். "அப்பா, இனிமே சண்டை வேணாம். அறுபது தாண்டற வரைக்கும் நீங்க இங்கயே இருங்க. தாண்டினா பேச்சே கிடையாது. பேர் எழுதி வெச்சிட்டேன்."

"அறுபதுக்கு மேல போகக் கூடாதுன்னு போர்டு வெச்சா நான் போனதே கிடையாதுடா" என்றார் டிரைவர். "எந்த டிப்போவுல வேணா கேட்டுப் பாரு."

அதிலிருந்து வியாழக்கிழமைகளில் அவர் முகச்சவரம் செய்துகொண்டு, நின்றபடியே கதவைத் திறப்பார். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார் என்பது எனக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும். "மூணு செகண்டு. இருபது வயசுப் பையனே தோத்தான்" என்று சொல்லி நர்ஸ் எழுதிக்கொள்வார்.

"போன மாசம் எங்கயாவது விழுந்தீங்களாப்பா?"

"பஸ்ஸையே விழாம ஓட்டினவன்மா நான்."

"பஸ்ஸுக்கு நாலு சக்கரம் இருந்துச்சுல்ல."

"ஆறும்மா. பின்னால நாலு. இது கூடத் தெரியாம ஜோசியம் பாக்க வந்துட்ட."

குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கலாம் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பி வெச்சா அது வீடா? ஜெயிலு. வேற பேச்சுப் பேசு" என்றார்.

நவம்பர் 6, வியாழன். டிரைவர் வீட்டில் நானும் இருந்தேன். பதினான்கு கேள்விகளும் முடிந்தன. எண் ஐம்பத்து நான்கு. நர்ஸ் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். இளம்பச்சைச் சுவர். நிலைச் சட்டத்திலிருந்து தொடங்கிய கோடு சுவிட்ச் பலகையைத் தாண்டி, அலமாரியைத் தாண்டி, கட்டிலின் தலைமாட்டை எட்டியிருந்தது. பதினான்கு அடி இருக்கும். அவருடைய கட்டைவிரல் பதினைந்தாவது கட்டத்துக்கு மேலே நின்றது.

"என்னம்மா யோசன? பரீட்சையா எழுதற?" என்றார் டிரைவர். சிரித்தார். ஆனால் கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது.

நர்ஸ் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டார்.

படியில் இறங்கும்போது என்னையும் கூப்பிட்டார். "போட்டா நாளைக்கே மகன் வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு. போடலன்னா என்னிக்காவது விழுந்து கெடப்பாரு. நான் என்ன சார் பண்ண?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. குழாய் வேலை. வர்ற வியாழன் கூட்டிட்டு வந்து, அப்பா கத்தக் கத்தக் கம்பிய அடிச்சிடறேன். கட்டில்லேந்து பாத்ரூம் வரைக்கும். ஒரு வாரம்தானே. முன்னாடியே சொன்னா கதவத் தொறக்க மாட்டாரு. நீங்க மூச்சு விடாதீங்க சார்."

நான் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருந்துகள் போயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"ஏன்யா ரிஜிஸ்டரு, அந்தப் பொண்ணு என் செவுத்துல எதைய்யா அப்படி மொறச்சுப் பாக்குது?"

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது என் பழக்கம். சொன்னேன். கைத்தடம், நான்கு விரல் அகலம், கட்டிலைத் தொட்டால் என்ன அர்த்தம், எல்லாம். கம்பியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் அதை மட்டும் சொல்லவில்லை.

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "அட, நானா இது?" என்றார். 

நவம்பர் 12, புதன். காலை பத்து இருபத்தைந்துக்கு எதிர்வீட்டில் பிளாஸ்டிக் வாளி உருளும் சத்தம் கேட்டது. கதவு தாழிடப்படவில்லை. உள்ளே போனேன். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். குளியலறைப் பக்கத்திலிருந்து ஆறு அடி தூரத்துக்குச் சுவர் ஈரமாக, பளிச்சென்று இருந்தது. மீதிக் கறை அப்படியே. அதற்குக் கீழே டிரைவர் இடதுபக்கமாக விழுந்து கிடந்தார். இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. வலது கையில் துணி. எப்போதும் சுவரைப் பிடிக்கிற கை அது. அந்தக் கையால்தான் அன்று துடைத்துக்கொண்டிருந்தார்.

"மணி என்ன ரிஜிஸ்டரு?"

சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. கொஞ்ச நேரத்துல எழுந்திருச்சிடுவேன். நாளைக்கு வியாழன்."

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஐம்பத்திரண்டு படியும் இறக்கும்வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். தெருவில் ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது மட்டும், "மெதுவா திருப்பு தம்பி, இது குறுகல்" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னார். நான் மையத்துக்குப் போன் செய்து தகவல் கொடுத்தேன். எடுத்த பெண் குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

குறித்துக்கொண்டாலும் நர்ஸிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மறுநாள் வழக்கமான நேரத்துக்கு எதிர்வீட்டு மணி அடித்தது. ஒரே தடவை. நான் எழுந்து போய் என் கதவைத் திறப்பதற்கு அன்று எத்தனை விநாடி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பின்னால் குழாய் வேலைக்காரர், பழைய செய்தித்தாளில் சுற்றிய நீளமான கம்பிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"சார், அப்பா கீழ எறங்கிப் போனாரா? ரெண்டு நிமிஷம் தாண்டிடுச்சு."

சொன்னேன். என்னிடம் அந்த வீட்டின் மாற்றுச் சாவி உண்டு. திறந்துவிட்டேன். நர்ஸ் உள்ளே போனார். வாளி உருண்ட இடத்திலேயே கிடந்தது. சோப்புத் தண்ணீர் காய்ந்து தரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருந்தது. பாதிச் சுவர் சுத்தம், பாதிச் சுவர் கறை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செவுத்துல தடம் இருக்குன்னு இவருக்கு யார் சொன்னது?"

"நான்தான்."

தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாய் வேலைக்காரரிடம் திரும்பி, "நீங்க கெளம்புங்கண்ணே. வேல இல்ல" என்றார். அவர் கம்பிகளை எந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு போவது என்று தெரியாமல் வாசலில் இரண்டு தடவை இடித்துக்கொண்டு போனார்.

நர்ஸ் முழங்காலை மடித்து உட்கார்ந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போது மையத்தின் மேற்பார்வையாளர் அம்மா அழைத்தார். கை ஈரமாக இருந்ததால் போனைத் தரையில் வைத்து, குரல் வெளியே கேட்கும்படி விட்டார்.

"அம்பத்தி நாலுல இருந்த ஆளு எப்படிம்மா எமர்ஜென்சிக்குப் போனாரு? கட்டத்துல ஒண்ணுமே போடலையே நீ. வீட்டுல எதுவும் பாக்கலையா?"

"பாத்தேன் மேடம்."

பிறகு குரல் தணிந்து வந்தது. "இங்க பாரும்மா. பாக்கலன்னு ஒரு வரி போட்டுடறேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சரியா?"

"பாத்தேன்னே போடுங்க மேடம். ஏழு போட்டிருக்கணும். போடல."

"ஏம்மா போடல?"

நர்ஸ் துணியைப் பிழிந்தார். "அறுபத்தி ஒண்ணு வந்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு விசாரணை நடந்தது. வேலையிலிருந்து எடுத்துவிடவில்லை. பதினைந்தாவது கட்டம் மட்டும் இப்போது அவருடைய போனில் திறப்பதில்லை. பதினான்கு கேள்விகளைக் கேட்கலாம். பதிலை அழுத்தலாம். பிளாஸ்திரியில் விநாடிகளை இன்னும் எழுதுகிறார். போனிலோ மையத்திலோ அதற்கு இடம் கிடையாது.

நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. நர்ஸுக்கு அன்று விடுமுறை. இருந்தாலும் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலில் டிரைவரின் மகன் நின்றிருந்தார். பத்து நாளாகச் சரியாகத் தூங்காத கண். இடுப்பெலும்பில் அறுவை முடிந்துவிட்டது, தையலும் ஆறிவருகிறது, செவ்வாய்க்கிழமை அனுப்புகிறார்கள் என்றார்.

"இல்லத்துல பேசிட்டேன். இங்கேந்து நேரா அங்கதான். வீட்டக் காலி பண்றதா சொல்லிட்டேன். நான் கெட்டவன் இல்ல சிஸ்டர். என்னால ஒவ்வொரு தடவையும் ஓடி வர முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பத்து நாளா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன், வாய் வர மாட்டேங்குது. நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

நாங்கள் உள்ளே போனோம்.

ஏழாவது கட்டில். டிரைவர் பாதியாக இளைத்திருந்தார். முகச்சவரம் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் குரல் பழைய குரல்தான்.

"வாம்மா ஜோசியக்காரி. யோவ் ரிஜிஸ்டரு, இந்த வார்டுல எத்தன ஃபேன், எத்தன ஓடுதுன்னு எழுதிக்கிட்டியா? நான் எண்ணிட்டேன். பன்னெண்டுல ஏழு."

நான் மேலே பார்த்தேன். ஏழுதான் ஓடின.

"நடக்க வெச்சாங்கம்மா நேத்து. எட்டு அடி. நடக்க வெக்கிற பொண்ணு வேணாம் போதும்னா, நான்தான் இன்னும் ரெண்டுன்னேன். வாக்கர் ஒண்ணு குடுக்கறாங்களாம். நீ சொன்ன கம்பி கூட வெச்சுக்கலாம், போ. நான் ஒண்ணும் சொல்லல. ஜெயிலா இருந்தாலும் எஞ்ஜெயிலு." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "இப்ப என் நம்பர் என்ன? ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ வந்துட்டுப் போயிட்டா கொறையும்தானே? செவ்வாக்கெழம வுட்டுடறாங்களாம். வீட்டுக்குப் போனதும் மொத வியாழன் நீ வருவல்ல?"

நர்ஸ் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். அங்கிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். போர்வையைக் கணுக்கால் வரை மடித்தார். பன்னிரண்டு நாளில் நகங்கள் நீண்டு, ஓரங்கள் உடைந்திருந்தன. தன் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். டிரைவரின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலிலிருந்து வெட்ட ஆரம்பித்தார்.

"ஏம்மா, கேக்கறேன்ல?" என்றார் டிரைவர்.

வலது கால் ஐந்தும் முடிந்தது. அந்தக் காலை மெத்தையில் வைத்துவிட்டு, இடது காலுக்கு அடியில் கையைக் கொடுத்து, அசையாதபடி தாங்கிப் பிடித்தார். டிரைவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் பத்தாவது நகத்தை வெட்டி முடித்து, துண்டுகளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டார். இன்னொரு கை அவர் பாதத்தின் மேலேயே இருந்தது. தலை நிமிரவில்லை.